வஹகோட்டை அந்தோனியாரும் அயலவரின் மீட்பும்

மாத்தளை மாவட்டத்திலுள்ள வஹகோட்டை, இலங்கைக் கத்தோலிக்கரின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. கண்டி மன்னரிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஊர் என்பது அங்கு வழங்கும் மரபு. சுற்றிலும் பௌத்த கிராமங்கள். நடுவே புனித அந்தோனியார் திருத்தலம். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் சிங்களவரும் தமிழரும் அங்கு வருகின்றனர். அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழை எவரும் கேட்பதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு வடம் பிடித்த கையால் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுபவரைக் கண்டு இந்நாட்டில் யாரும் வியப்பதில்லை.

ஆனால் மறைக்கல்வி நூலைக் கையில் வைத்திருப்பவர் வியக்கத்தான் வேண்டும். ஆதாமின் பாவத்தால் மனிதர் அனைவரும் ஜென்மப் பாவத்துடன் பிறக்கின்றனர். ஞானஸ்நானமே அதனைக் கழுவும். திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை. எமது தலைமுறையினரின் பெற்றோர் மனனம் செய்த பாடம் இது. அப்படியாயின், நோயுற்ற பிள்ளைக்காக அந்தோனியாரின் முன் முழந்தாளிட்ட பௌத்தத் தாயின் கதி என்ன? பிள்ளையைப் புனிதர் காப்பாற்றுவார், தாயைக் கடவுள் கைவிடுவார் என்று கொள்வதா?

கடவுட் கருத்தை நவீன காலத்துக்கு ஏற்ப மீள்சிந்தனை செய்வது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஐரோப்பாவையே நோக்குகிறோம். ஹிட்லரின் சிறையிலிருந்து டீட்ரிக் பொன்ஹோஃபர் எழுதிய கடிதங்களையும், 1963இல் இங்கிலாந்தின் ஆயர் ஜோன் ரொபின்சன் எழுதிய நூலையும் குறிப்பிடுகிறோம். மனித அறிவு எட்டாத இடங்களை நிரப்புவதற்கு மட்டும் கடவுளை அழைத்தால், அறிவு வளர வளரக் கடவுள் சுருங்கிப் போவார் என்று பொன்ஹோஃபர் எச்சரித்தார். பெறுமதி மிக்க சிந்தனை அது. ஆயினும் அது விஞ்ஞானமும் இறைமறுப்பும் எழுப்பிய கேள்விகளுக்கு முகங்கொடுத்த சமூகத்தின் சிந்தனை. எமது கேள்வி வேறிடத்திலிருந்து பிறக்கிறது. அடுத்த வீட்டார் நம்மைவிட நல்லவராயிருக்கக் காண்கிறோம்; அவர் கிறிஸ்தவரில்லை. கடவுளைப் பற்றி நாம் கற்றதை அசைத்துப் பார்ப்பது அந்த அயலவரே.

இக்கேள்வியை அச்சில் கேட்ட இலங்கையர் ஒருவர் இருந்தார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த அருட்தந்தை திஸ்ஸ பாலசூரிய, 1990இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஜென்மப் பாவம் பற்றிய மரபுவழி விளக்கத்தை அவர் அதில் கேள்விக்குட்படுத்தினார். ஆசியாவின் மிகப் பெரும்பான்மையோரை மீட்புக்கு வெளியே நிறுத்தும் விளக்கம், இயேசு காட்டிய தந்தையோடு எவ்வாறு பொருந்தும் என்பது அவரது வாதத்தின் சாரம். கர்தினால் ஜோசப் ராட்சிங்கரின் தலைமையிலிருந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1997 ஜனவரியில் அவரைத் திருச்சபைக்குப் புறம்பானவராக அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 72. உலகெங்கும் எழுந்த எதிர்ப்பின் பின்னர், 1998 ஜனவரியில் அத்தண்டனை நீக்கப்பட்டது. 2013 ஜனவரியில் அவர் மறைந்தார்.

பாலசூரியவின் எல்லா முடிவுகளையும் ஏற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜென்மப் பாவக் கோட்பாட்டைத் திருச்சபை இன்றும் கைவிடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாது இறக்கும் குழந்தைகள் லிம்போ என்னும் இடத்தில் இறைதரிசனமின்றி இருப்பர் என்று நூற்றாண்டுக் கணக்காகப் போதிக்கப்பட்டது. அக்குழந்தைகளும் மீட்படைவர் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று 2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. அதனை வெளியிட அனுமதித்த பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் வேறு யாருமல்லர். 1997இல் கர்தினால் ராட்சிங்கராக இருந்தவரே. இலங்கைக் குருவானவர் தண்டிக்கப்பட்டுப் பத்தாண்டுகளில், அவர் தட்டிய கதவில் ஒரு சிறு திறப்பு ஏற்பட்டது. குழந்தைக்குத் திறந்த கதவை அதன் தாய்க்கு எத்தனை காலம் சாத்தி வைத்திருக்கலாம்? மனச்சாட்சியின்படி நடக்கும் பிற மதத்தவரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே ஏற்றுக்கொண்டது. அது ஏட்டில் இருக்கிறது. பிரசங்க மேடைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

எல்லாருக்கும் மீட்பு உண்டென்றால் கிறிஸ்தவராக இருப்பதன் பொருள் என்ன என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். அதற்கான விடை கண்டி இராச்சியத்தின் வரலாற்றிலேயே கிடக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் யோசேவ் வாஸ் அடிகள். 1692இல் கண்டியை அடைந்தபோது ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோய்க்கு அஞ்சி உறவினரே நோயாளரைக் கைவிட்டபோது, வாஸ் அடிகள் அவர்களைத் தேடிச் சென்று பராமரித்தார். யார் எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. அவர் தடையின்றித் தொண்டாற்ற இடமளித்தவர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர். கிறிஸ்தவ ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கருக்குப் பௌத்த மன்னரின் நாடு புகலிடமாயிற்று. பின்வந்த ஆட்சியில், 1740களில், அந்த ஆதரவு மாறிக் குருக்கள் வெளியேற்றப்பட்டதும் உண்மையே. ஆயினும் கண்டி நாட்டில் இச்சமயம் வேரூன்றியது ஒரு பௌத்தரின் நிழலிலேயாகும். 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ், வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். நிழல் தந்தவருக்கு மீட்பில்லை என்று அதன் பின்னரும் போதிப்பது நன்றி மறந்த செயலன்றோ!

கடவுளைப் பற்றிய இன்னொரு கருத்தும் எம்மிடையே சோதிக்கப்பட்டது. நேர்த்தி வைத்தவரைக் காப்பவர், தொலைந்ததை மீட்டுத் தருபவர், ஆபத்தைத் தடுப்பவர் என்பதே மக்களிடையே வழங்கும் கடவுளின் உருவம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தோனியாரை நம்பி வந்தவர்கள் அவரது ஆலயத்திலேயே மடிந்தனர். "ஏன் தடுக்கவில்லை?" என்ற கேள்வி மேல்நோக்கி எழுந்தது.

அக்கேள்விக்குப் பூமியில் ஒரு விடை கிடைத்தது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் கடமை தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுக்க வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்கள் செய்யாததைக் கடவுளின் தலையில் சுமத்துவதும், கடவுளின் சித்தம் என்று சமாதானம் சொல்வதும் ஒரே தப்பித்தலின் இரு முகங்கள். சிலுவையில் தொங்கியவரைக் கடவுளின் முகமாகக் கொண்ட சமயம் இது. தடுத்துக் காக்கும் காவற்காரராக அவர் அங்கே தோன்றவில்லை. துன்பப்படுவோருடன் துன்பப்படுபவராகவே தோன்றினார். பெரியம்மை நோயாளியின் பாயருகே வாஸ் அடிகள் இருந்தாரே, அவ்விருப்புக்கும் கடவுள் என்றே பெயர்.

வஹகோட்டைக்கு வருவோரிடம் இனி நேர்த்தி வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. எளியவரின் கண்ணீரைத் திருத்த முற்படும் இறையியல் எவருக்கும் உதவாது. திருத்தப்பட வேண்டியது மேடையிலிருந்து ஒலிக்கும் பாடம். திருவிழாவுக்கு வரும் பௌத்தரையும் இந்துவையும் கடவுளின் பிள்ளைகள் என்று, சிங்களத்திலும் தமிழிலும், ஒளிவுமறைவின்றி ஒரு குருவானவர் சொல்லட்டும். பாலசூரியவின் நூலைக் குருமாணவர் அச்சமின்றிப் படித்து விவாதிக்கட்டும். தான் படைத்தவர்களுள் பெரும்பாலோரைத் தள்ளிவிடும் ஒரு கடவுளை, அவர்களோடு வேலி பகிர்ந்து வாழும் மக்களால் நெடுங்காலம் நம்பமுடியாது.