திரையை வெல்டர் பக்கம் திருப்புங்கள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் இரவில் படித்துக்கொள்ளலாம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். இருபது வருடம் கையால் பற்றவைத்தவர், இப்போது தானியங்கி மெஷின் பார்க்கிறார். அதில் புதிதாக ஒளி சென்சார் பொருத்தியிருக்கிறார்களாம். வெல்டிங் நடக்கும்போதே வெளிச்சத்தைப் பார்த்து, சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கு போடும். சிவப்பு விழுந்தால் ஊக்கத்தொகையில் பிடித்தம். "எக்ஸ்ரே எடுத்தா சிலது நல்லாத்தான் சார் இருக்கு. பிடிச்ச காசு மட்டும் திரும்பி வரல" என்றார்.

சென்சாரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 1980 மார்ச் 27 அன்று வட கடலில், எண்ணெய்க் கிணற்று ஊழியர்கள் தங்கியிருந்த அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற நார்வே நாட்டு மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். தண்ணீருக்குள் ஒலி கேட்கும் கருவி ஒன்றை மாட்டுவதற்காக, மேடையின் தாங்குகுழாய் ஒன்றில் ஒரு சிறு துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். வெறும் 6 மில்லிமீட்டர் வெல்டு. அதில் இருந்த விரிசல் அலை அடிக்க அடிக்க வளர்ந்து குழாயையே அறுத்துவிட்டது. மேடையின் ஒரு கால் கழன்று போனது. பாய்லர் செய்கிற நம் திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமே 1975 முதல் நம் ஊரில்தான் இருக்கிறது.

சரி, சென்சார் எதைப் பார்க்கிறது? ஜன்னல் ஓரத்தில் முப்பட்டகத்தை வைத்துச் சுவரில் நிறமாலை காட்டினேனே, நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். ஒவ்வொரு வாயுவும் சூடேறினால் தனக்கென்று உள்ள நிறக் கோடுகளைக் காட்டும். தகட்டில் எண்ணெயோ ஈரமோ இருந்தால் வெல்டிங் சூட்டில் ஹைட்ரஜன் பிரியும். அதன் சிவப்புக் கோடு 656 நானோமீட்டரில் விழும். அந்த ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விட்டால் இன்று பளபளக்கிற ஜாயிண்ட் நாளையோ மறுநாளோ விரிசல் விடலாம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்ணுக்கு அந்தக் கோடு பிடிபடாது. நிறம் பிரிக்கும் சென்சாருக்குப் பிடிபடும். மின்சாரக் கார் பேட்டரிகளை லேசரால் பற்றவைக்கும் இடங்களில் வேறு முறை. மேலெழும் ஆவியின் வெளிச்சம், உருகிய உலோகத்தின் அகச்சிவப்பு, திருப்பி அடிக்கும் லேசர் ஒளி மூன்றையும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து, நல்ல ஜாயிண்டின் வரைபடத்தோடு ஒப்பிடும்.

ஆனால் அது பார்ப்பது மேலே வருகிற வெளிச்சத்தைத்தான். உள்ளே இரும்பு ஒட்டாமல் கிடந்தும் மேலே எல்லாம் ஒழுங்காகத் தெரியலாம். லென்ஸில் தீப்பொறி தெறித்துப் படிந்தாலோ, புகை மறைத்தாலோ நல்ல ஜாயிண்டுக்கும் சிவப்பு விழும். தெர்மாமீட்டர் 101 காட்டும், என்ன காய்ச்சல் என்று சொல்லுமா? அந்த விளக்கை வைத்தே ஒருவர் சம்பளத்தில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. வரைபடம் ஓடும் திரை சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறதாம். மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கு மட்டும்தான்! விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண்ணை அப்பாவிடம் சொல்லிவிட்டு, தாளைப் பையனிடம் தராமல் பூட்டி வைத்தால் அவன் எதைத் திருத்திக்கொள்வான்? வெல்டிங்கின் சத்தம் மாறினாலே எங்கோ தப்பு நடக்கிறது என்று கண்டுபிடிக்கிற காது அவருடையது. திரையும் கண்முன்னே இருந்தால் எந்தச் சத்தத்துக்கு எந்தக் கோடு குதிக்கிறது என்று ஒரே வாரத்தில் சொல்லிவிடுவார். எது லென்ஸ் அழுக்கு, எது நிஜமான ஓட்டை என்று பிரிக்க அந்த மெஷினுக்கே அவர்தான் உதவி.

நம் பிள்ளைகளில் சிலர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறீர்கள். பிடித்தம் போடுமுன் எக்ஸ்ரேயோ அல்ட்ராசோனிக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் இடத்தில் விதி உண்டா? திரை யார் பக்கம் இருக்கிறது? கீழே எழுதுங்கள், அவரிடம் காட்டுகிறேன்.

பட்டறையில் இருக்கும் பிள்ளைகளே, சும்மா ஒரு டேக் தானே என்று முகமூடி போடாமல் அடிக்காதீர்கள். ராத்திரி கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.