உரசல்

சிவகாசிக்காரர்களுக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று மழை, இன்னொன்று லைட்டர். மழையிடம் மனுக் கொடுக்க முடியாது. லைட்டரை எதிர்த்து டெல்லி வரை மனு போனது. 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து 1920-களில் ஆரம்பித்த தீப்பெட்டித் தொழிலுக்கு நூறு வயசில் இப்படி ஒரு வழக்கு!

ஆனால் இது பங்காளிச் சண்டை. தீக்குச்சி உரசலில் பற்றுகிறது. லைட்டரின் பிளாஸ்டிக் உடம்பு பெரும்பாலும் உரசலில்தான் ஒட்டப்படுகிறது. கையில் எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது. உள்ளே கேஸ் இருந்தும் கசிவதில்லை. எப்படி?

அல்ட்ராசானிக் வெல்டிங். தமிழில் கேளா ஒலிப் பற்றவைப்பு என்று சொல்லலாம், சொல்லிப் பார்த்துவிட்டு அல்ட்ராசானிக் என்றே வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கின் இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, மேல் பாதியை வினாடிக்கு 20,000 தடவை குலுக்குகிறார்கள். குலுக்கும் தூரம் ஒரு தலைமுடியின் கனம்தான். இரண்டு பாதிகளும் தொடும் இடம் மட்டும் உரசிச் சூடாகி, உருகி, ஒன்றாகிவிடுகிறது. ஒரு வினாடிகூட ஆகாது. கொரோனா காலத்து மாஸ்க் வீட்டில் மிச்சம் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். நூலே இல்லாமல் புள்ளி புள்ளியாக ஒரு தையல் இருக்கும். அதுவும் இந்த வேலைதான். நம் ராஜபாளையம் பக்கத்து சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியிடம் மட்டும் இந்த ஜம்பம் பலிக்காது. பருத்தி உருகாது, கருகும்.

குலுக்குவது யார்? அடுப்படியில் 'டொக்' என்று அமுக்கினால் பொறி பறக்குமே, அந்த கேஸ் லைட்டருக்குள் இருக்கும் ஆசாமிதான். அழுத்தினால் கரண்ட் கொடுப்பான். இந்தக் குணத்தை க்யூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். கரண்ட் கொடுத்தால் விரிந்து சுருங்குவான் என்பது மறுபக்கம். அதை வைத்து முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒரு கருவி செய்தார் பிரெஞ்சுக்காரர் லாஞ்செவன். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே படிகத்தை வைத்த சாண்ட்விச் அது. இன்றைய வெல்டிங் மெஷினின் இதயமும் அதே சாண்ட்விச்தான், நடுவில் பீங்கான் வில்லைகள். பிளாஸ்டிக் வெல்டிங் வந்தது அதற்கு வெகு நாள் கழித்து. ராபர்ட் சோலாஃப் என்ற அமெரிக்கர் அல்ட்ராசானிக் கம்பியைத் தற்செயலாக ஒரு டேப் டிஸ்பென்ஸர் பக்கம் கொண்டுபோக, அதன் இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்டன. 1965-ல் பேடண்ட் கிடைத்தது.

சாண்ட்விச்சுக்குக் கீழே 'ஹார்ன்' என்று ஒரு உலோகத் துண்டு. பார்க்க சாதாரணக் கட்டை மாதிரி இருக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். காரணம் கணக்கு. டைட்டானியத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. 20,000-ஆல் வகுத்தால் ஒரு அலையின் நீளம் 25 சென்டிமீட்டர். ஹார்ன் அதில் பாதி, பன்னிரண்டரை. லேத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட வெட்டிவிட்டால் சுமார் 160 அதிர்வு தள்ளிப்போய்விடும், மெஷின் முரண்டு பிடிக்கும். நீளமும் நெளிவும் கம்ப்யூட்டரில் கணக்கிட்டாலும், கடைசியில் கொஞ்சம் சீவி, அளந்து, மறுபடி சீவ ஒரு நல்ல டர்னர் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. ஹார்னின் இரண்டு நுனிகளும் ஆடும்போது நடு இடம் மட்டும் அசையாது. அங்கே பிடித்தால்தான் நிற்கும். வேறெங்கே பிடித்தாலும் பிடித்த இடம் சூடாகிவிடும். ஆடுகிற நுனி படும் பாடு பூமி ஈர்ப்பைப் போல் நாற்பதாயிரம் மடங்குக்கு மேல். சாதா உலோகம் விரிசல் விட்டுவிடும். டைட்டானியம் தாங்கும்.

நுனியில் ஒரு டூலை மாட்டி, அடியில் கரகரப்பான பொடியைத் தண்ணீரில் கலந்து விட்டால் கண்ணாடியில், பீங்கானில் துளை போடலாம். அம்மி கொத்துகிற அதே வித்தை, வினாடிக்கு 20,000 கொத்து.

'அப்படியானால் பட்டாசுக்கும் உபயோகப்படுத்தலாமே?' என்று யாராவது கிளம்பினால் தயவு செய்து உட்கார வையுங்கள். மருந்து இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த மெஷின் வரவே கூடாது. அங்கே உரசல்தான் எமன். அதனால்தான் மருந்து அறையில் இரும்புக் கருவி கூடாது, நைலான் உடுப்பு கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்றெல்லாம் விதி.

வித்தியாசம் ஒன்றுதான். வெல்டிங் மெஷினில் உரசலுக்குக் கணக்கு உண்டு. எத்தனை ஜூல் சக்தி, எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம் என்று செட் செய்துவிட்டால் அளவு வந்ததும் தானே நின்றுவிடும். அளவு தப்பினால் சிவப்பு விளக்கு எரியும், அந்த லைட்டர் குப்பைக்குப் போகும். பத்து ரூபாய் சாமானுக்கு இவ்வளவு காவல்.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் விசாரணை, நஷ்டஈடு, தீபாவளி ஆர்டர், மறுபடி அதே அவசரம். தீபாவளி நெருங்கினால் நாலு பேர் அறையில் ஐந்தாவது ஆளும் ஆறாவது ஆளும் உட்காருவது ஊருக்கே தெரியும்.

உரசலை ஜூல் கணக்கில் அளக்கத் தெரிந்த காலம் இது. அறை வாசலில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுவதற்கு டைட்டானியமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். ஐந்தாவது ஆளைப் பார்த்து, 'அண்ணாச்சி, நீங்க வெளியே இருங்க' என்று சொல்ல ஒருத்தர் வேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவருக்கு வேலை போகாமல் இருக்க வேண்டும்.