திருவாரூர்: எண்ணிக்கை இருக்கிறது, நாற்காலி எங்கே?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினரின் விகிதத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடத்தில் இருப்பது திருவாரூர். மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகை 12,64,277. அதில் 34 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இவ்விகிதம் 20 விழுக்காடு மட்டுமே. மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் கிராமங்களில் வாழ்கின்றனர். ஆகவே, இங்கே கிராமங்களை யார் நிர்வகிக்கிறார்கள் என்ற கேள்வி, தலித் மக்களின் அன்றாட வாழ்வை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியே ஆகும்.

1997இல் தனி மாவட்டமான திருவாரூரில் அரசு இரு வழிகளில் கிராமத்தை வந்தடைகிறது. ஒன்று வருவாய்த்துறை. ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கிவரும் இவ்வழியில் அனைவரும் நியமிக்கப்பட்டவர்கள். மற்றொன்று ஊரக உள்ளாட்சி. 10 ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றில் அடங்கிய 430 ஊராட்சிகளும் கொண்ட இவ்வழியில்தான் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பொறுப்பேற்கின்றனர். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, சிமெண்ட் சாலை, சுடுகாட்டுப் பாதை ஆகியவை எந்தத் தெருவுக்கு முதலில் என்பது ஊராட்சியில்தான் முடிவாகிறது.

அரசியல் சட்டத்தின் 243டி பிரிவு, இப்பதவிகளில் மக்கள் தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு அளிக்கிறது. இந்த விகிதத்தை 430 ஊராட்சிகளுக்குப் பொருத்தினால், ஏறத்தாழ 145 தலைவர் பதவிகள் சேரிகளுக்கு உரியவை. நிலமும் கோயிலும் வட்டிக்கடையும் பிறர் கையில் இருக்கும் காவிரிப் படுகையில், எண்ணிக்கை அதிகாரமாக மாறும் மிகச் சில இடங்களுள் இதுவும் ஒன்று.

அந்த இடம்தான் காலியானது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களுள் திருவாரூரும் ஒன்று. அன்று தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. அதற்குள் தேர்தல் நடத்தப்படவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. வட்டார வளர்ச்சி அலுவலரே ஒன்றியத்திலுள்ள ஊராட்சிகளின் தனி அலுவலர். 10 ஒன்றியங்களுக்கு 430 ஊராட்சிகள் என்றால், சராசரியாக ஓர் அலுவலர் 43 ஊராட்சிகளுக்குத் தலைவராக இருக்க வேண்டும்.

இதில் அலுவலரின் நல்லெண்ணம் பற்றிய கேள்வி எழவில்லை. 43 ஊராட்சிகளையும் அவற்றின் குக்கிராமங்களையும் ஒருவர் நேரில் அறிந்திருக்க இயலாது. ஒன்றிய அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து போகிறவர்கள் சொல்லும் ஊரே அவருக்குத் தெரியும் ஊர். வண்டி வைத்திருக்கும் நிலவுடைமையாளரும் ஒப்பந்தக்காரரும் அங்கே எளிதில் போய்ச் சேர்கிறார்கள். நடவுக்குப் போகும் பெண் அங்கே போவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். தலைவர் தன் தெருவிலேயே இருந்தபோது, அந்தப் பெண் மாலையில் அவர் வீட்டு வாசலில் நின்று கேட்க முடிந்தது.

தலித் தலைவர்கள் பெயரளவில்தானே இருந்தார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்டார். அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஒரு தலைவர் விடுதலை நாளன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். காசோலையில் இணைந்து கையொப்பமிட வேண்டிய துணைத் தலைவர் அதை மறுத்தே தலைவரை முடக்குவதும் உண்டு. ஆனால் நாற்காலி இருந்ததால்தான் அதில் அமரவிடாத சாதி அம்பலமானது. நாற்காலியே இல்லாதபோது, வழக்குத் தொடுக்கவும் வழியில்லை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் செயல்பட முடியாதபடி ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். மேலவளவில் தலைவர் முருகேசன் 1997இல் படுகொலை செய்யப்பட்டார். அன்று சாதி காலியாக வைத்த நாற்காலிகளை அரசு தேர்தல் நடத்தி நிரப்ப வேண்டியிருந்தது. இன்று நாற்காலிகளைக் காலியாக வைத்திருப்பது அரசே.

இது முதன்முறையும் அல்ல. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சியே நடந்தது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 243இ பிரிவு. இக்கால வரம்பு கட்டாயமானது என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. வழக்கு, வார்டு மறுவரையறை என்று காரணங்கள் மாறினாலும் விளைவு ஒன்றுதான்.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. சாதிவாரி விவரமும் அதில் பதிவாகும். ஒவ்வொரு குக்கிராமமும் விடுபடாமல் எண்ணப்பட வேண்டும் என்பதில் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை தானாகவே அதிகாரம் ஆகிவிடாது. குறித்த காலத்தில் நடக்கும் தேர்தலே அதை அதிகாரமாக்குகிறது.

தேர்தல் வரும்வரை ஒரு கருவி நம் கையில் எஞ்சியிருக்கிறது. ஊராட்சி மன்றம் இல்லாவிட்டாலும் கிராம சபை இருக்கிறது. வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர்கள். தனி அலுவலர் அதைக் கூட்டியாக வேண்டும். ஊர் திரும்பும் கல்லூரி மாணவர்கள் சேரி மக்களோடு அங்கே சென்று, வரவு செலவுக் கணக்கைக் கேட்க வேண்டும். உடனே தேர்தல் நடத்தக் கோரும் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். 430 ஊராட்சிகளிலிருந்தும் அத்தகைய தீர்மானங்கள் வந்து சேருமானால், அவற்றைப் புறக்கணிப்பது எந்த அரசுக்கும் எளிதாக இராது.