நடு மேசையில் தேத்தண்ணி இருக்கட்டும்

ஜூலை தொடங்கினால் ஊவாவில் கச்சான் காற்று. ஹல்துமுல்லையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியெல்லாம் வெயிலும் காற்றும் சேர்ந்து புல்லைக் காய வைக்கும். எங்களுக்குத் தெரிந்த 'சமர்' இதுதான். பழைய மாணவர் சந்திப்பு, பட்ச் ட்ரிப், பிறந்தநாள், வெளிநாட்டுக்குப் போகிறவனுக்குப் பிரியாவிடை எல்லாம் இந்த மாதங்களில்தான் வரும். கொஞ்ச காலமாக இந்த ஒன்றுகூடல்களின் நடு மேசைக்கு ஒரு புது விருந்தாளி வந்திருக்கிறார். பெரிய கண்ணாடிப் பாத்திரம், மிதக்கிற அன்னாசித் துண்டு, மேலே ரெண்டு புதினா இலை. பெயர், வைட் வைன் பஞ்ச்.

"லைட்தான் மச்சான், ஜூஸ் மாதிரி. கேர்ள்ஸும் குடிக்கலாம்."

இந்த ஒரு வசனத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. வைனோடு இல்லை. யார் குடிக்கலாம், யார் குடிக்கக் கூடாது என்று பட்டியல் போடவும் நாங்கள் வரவில்லை. ஒரு கூட்டத்தின் நடுவில் வைக்கிற பாத்திரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் அந்த 'லைட்' கதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 750 மில்லிலீற்றர் வைன் போத்தலில் 12 சதவீதம் மதுசாரம் என்று வைத்தால், உள்ளே இருப்பது 90 மில்லிலீற்றர் சுத்த மதுசாரம். ஜூஸும் சோடாவும் சேர்த்து ரெண்டு லீற்றர் ஆக்கினால் நாலரை சதவீதம் வரும். ஏறக்குறைய பியர். பியர் என்று தெரிந்தால் கசப்பை உணர்ந்து மெதுவாகக் குடிப்பீர்கள். பஞ்சில் பழமும் சீனியும் அதை மறைத்துவிடும், தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி நாலு கப் உள்ளே போகும். அதற்கு மேல் "கிக் பத்தல" என்று யாராவது கால் போத்தல் வொட்காவையோ சாராயத்தையோ ஊற்றினால், அது ஊற்றினவனுக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

அந்த இரகசியம் யார் தலையில் விழுகிறது? 1979இல் வந்த கலால் அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே அந்தத் திருத்தத்தை மீளப்பெறச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. கடையில் நின்று போத்தலின் லேபலை வாசித்து வாங்குவதைக் கூட ஒரு பெண்ணுக்குக் கொடுக்க மாட்டார்களாம். ஆனால் ஆண்கள் வாங்கி, ஆண்கள் கலந்து, என்ன கலந்தார்கள் என்று சொல்லாமல் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் அது 'லேடீஸ் ட்ரிங்க்'. அடுத்த நாள் காலையில் ஊர் பேசுவது கலந்தவனைப் பற்றியா? குடித்தவளைப் பற்றித்தான். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் பட்ச் சந்திப்புகளில் பாதிப் பேருக்கு அந்த வயது ஆகியிருக்காது. அவர்களும் அதே கரண்டியால்தான் அள்ளுகிறார்கள்.

இனி பங்களா கதை. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் துரைமார் இருந்த பழைய பங்களாக்கள் பல இன்றைக்கு சுற்றுலா விடுதிகள். அங்கே புல்வெளியில் கோப்பையோடு நின்றால் அது ரசனை, கலாசாரம், 'கெட் டுகெதர்'. அதே மலையின் அடியில், லயத்து வாசலில் ஒரு மனுசன் கிளாஸோடு உட்கார்ந்தால் அது 'தோட்டத்து ஆக்களின் குடிப்பழக்கம்'. உடனே விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பார்கள், பனர் கட்டுவார்கள்.

குடி எங்கள் தோட்டங்களில் பிரச்சினைதான். அதை மூடி மறைக்க மாட்டோம். சம்பளம் போட்ட அன்றைக்கு என்ன நடக்கும் என்று லயத்து அம்மாமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்தக் குடியால் பிழைத்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டு இலங்கையில் சாராயக் குத்தகை என்பது வெள்ளைக்கார அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. இன்றைக்கும் மதுவரி இல்லாமல் திறைசேரி நடக்காது. போத்தலில் வரி எடுப்பவர்களே குடிக்காதே என்று பாடமும் எடுப்பார்கள். இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, நாமே படித்துக் கொஞ்சம் மேலே வந்ததும் பங்களாப் புல்வெளியை நடித்துக் காட்டுவதுதான் முன்னேற்றமா? லயத்தில் அப்பா குடித்தால் வெட்கம், கம்பஸில் நாம் குடித்தால் ஸ்டைல் என்றால், நாமும் துரை வைத்த அளவுகோலைத்தான் கையில் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

காசுக் கணக்கும் இருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. அதற்கு எத்தனை வருசப் போராட்டம் என்று தெரியும். இறக்குமதி வைன் போத்தல் ஒன்று ரெண்டு நாட்சம்பளத்துக்குள் அடங்காது. இருபது பேருக்கு ஒரு போத்தல் காணாது. 'எல்லாரும் பங்கு போடுவோம்' என்று வட்சப் குறூப்பில் போடுகிறபோது பதில் போடாமல் இருப்பவர்கள் யார் என்று ஒரு தடவை கவனியுங்கள். அவர்கள் கூட்டத்துக்கும் வர மாட்டார்கள். காரணமும் சொல்ல மாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பஞ்சுக்கு வைன் கட்டாயமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்காரர்கள் நம்ம பக்கத்துக் கரைகளில் கலந்து குடித்தது சாராயம், தேசிக்காய், சீனி, தண்ணீர், வாசனைச் சரக்கு. 'பஞ்ச்' என்ற பெயரே ஐந்து என்ற பொருள் தரும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள், மறுப்பவர்களும் உண்டு. பிறகு இங்கிலாந்துக்காரர்கள் அதில் தேயிலைச் சாயத்தையும் ஊற்றினார்கள். அவர்களுடைய பெயர்போன 'ரீஜன்ட்ஸ் பஞ்ச்' பச்சைத் தேயிலை சேர்த்தது. அவர்களே தேயிலையை ஊற்றியிருக்கும்போது, தேயிலைக்கு நடுவில் பிறந்த நாம் போத்தலைத் தேடி ஓடுகிறோம்.

அதுவும் எந்தத் தேயிலை? கச்சான் வீசுகிற இந்த மாதங்களில் கொழுந்து வறட்சியில் வாடும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வரும். குடித்தால் நெஞ்சுக்குள் குளிர்கிற மாதிரி இருக்கும். உலகத்து வியாபாரிகள் இந்தச் சீசனுக்குக் காத்திருக்கிறார்கள். பறித்துக் கொடுத்த வீட்டில் அதைக் குளிரக் குளிரப் பழத்தோடு குடித்தவர்கள் எத்தனை பேர்?

ஆகவே எங்கள் பஞ்ச் இது. பதினாலு பேருக்கு ஒரு சுற்று வரும்.

ஒரு லீற்றர் கொதித்த தண்ணீரில் ஐந்து தேக்கரண்டி தேயிலை, நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு, கறுவாப்பட்டை ஒன்று. நாலு நிமிசம்தான். அதற்கு மேல் விட்டால் துவர்த்துவிடும். வடித்து, சூட்டிலேயே 100 கிராம் சீனியைக் கரையுங்கள். உடனே பிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம், நல்ல சாயம் சட்டென்று குளிர்ந்தால் கலங்கிப்போகும். வெளியில் ஆறவிட்டுப் பிறகு வையுங்கள். அரை லீற்றர் தோடம்பழச் சாறு சேருங்கள். நம்ம மாகாணத்திலேயே பிபிலைத் தோடம்பழம் இருக்கிறது, தோல் பச்சை, உள்ளே தேன். ஆறு பேஷன் ப்ரூட்டின் உள்ளீடு, மூன்று தேசிக்காய், பொடியாக வெட்டிய அன்னாசி, ஒரு சிட்டிகை உப்பு. அரை லீற்றர் ஜின்ஜர் பியரைக் கடைசியில், ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள். முதலே ஊற்றினால் வாயு போய் சீனித்தண்ணி ஆகிவிடும். ஐஸைப் பெரிய கட்டியாகப் போடுங்கள். சின்னத் துண்டு கரைந்து எல்லாவற்றையும் தண்ணியாக்கும்.

தோடம்பழத்துக்கு அலைய முடியாதவர்கள் அப்புத்தளை அடிசம் மடத்துப் பழப்பாகு வாங்கலாம். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை கட்டிய மாளிகை அது. இப்போது பெனடிக்ட் துறவிகள் அங்கே ஜாமும் பாகும் செய்து விற்கிறார்கள். பங்களாவிலிருந்து எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்வோம்.

வைன் வேண்டும் என்பவர்களுக்கு வைன் இருக்கட்டும். போத்தலாகவே, லேபல் தெரிய, ஓர மேசையில். அளவைத் தெரிந்து, வயது வந்தவர்கள் தாங்களே ஊற்றிக்கொள்ளட்டும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் என்ன கலந்தது, எவ்வளவு கலந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் அதைக் கலக்காதீர்கள்.

"இதெல்லாம் ஒரு விசயமா, ஜாலிக்குத்தானே?" என்று கேட்பீர்கள். ஜாலி எல்லாருக்கும்தானே வேண்டும். காசு இல்லாதவனுக்கும், குடிக்காதவளுக்கும், பதினெட்டு வயதுக்காரனுக்கும், கூட்டத்தைப் பார்க்க வருகிற யாரோ ஒருவரின் அம்மாவுக்கும் ஒரே கரண்டியால் பயமில்லாமல் அள்ளிக் கொடுக்கக்கூடிய பாத்திரம் எதுவோ, அதற்குத்தான் நடு மேசை. அடுத்த சந்திப்புக்குப் பங்குக் காசு கேட்க முதல், தேயிலை யார் கொண்டுவருகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வட்சப் குறூப்பில் எல்லாரும் பதில் போடுவார்கள்.