குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

"ஆள் அயர்ந்து தூங்குகிறார். குறட்டையைப் பாருங்கள்!"

இந்தப் பேச்சைக் கேட்காத வீடு உண்டா? கல்யாண வீட்டுக் கூடத்தில் பெரியப்பா குறட்டை விட்டால், குழந்தைகள் சுற்றி நின்று சிரிக்கும். ரெயிலில் மேல் பலகையில் ஒருவர் குறட்டை விட்டால், கீழே இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நாடகத்தில் கும்பகர்ணனைக் காட்ட வேண்டுமானால், குறட்டைச் சத்தம் ஒன்றே போதும்.

குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார். பக்கத்தில் படுத்தவர்தான் பாவம். இதுதான் நமது எண்ணம்.

பாதி உண்மை. பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் கெடுவது நிஜம். ஆனால், குறட்டை விடுகிறவரும் பல வீடுகளில் சரியாகத் தூங்குவது இல்லை. இரவு முழுவதும் அவர் மூச்சோடு போராடுகிறார். அது அவருக்கே தெரியாது.

மனைவிக்குத் தெரியும்

யாருக்குத் தெரியும்? மனைவிக்குத் தெரியும்.

நடுநிசி. குறட்டை ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று நிற்கிறது. சத்தத்தில் விழிக்காத மனைவி, அந்த அமைதியில் விழித்துக்கொள்கிறாள். அவருடைய மார்பும் வயிறும் மூச்சுக்காக அசைகின்றன. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி. இருபது விநாடி. அவள் கையை நீட்டி உலுக்கப் போகும் நேரத்தில், கிணற்றில் முங்கியவன் மேலே வந்ததுபோல ஒரு பெரிய மூச்சு. ஒரு புரளல். மறுபடியும் குறட்டை.

காலையில் கேட்டால், "நானா? நான் எங்கே குறட்டை விட்டேன்?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நினைவு இராது. ஆனால் வாய் உலர்ந்து இருக்கும். தலை கனக்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்த மனிதர், பத்திரிகையை விரித்ததும் தூங்கி விழுவார்.

(பெண்களும் குறட்டை விடுவது உண்டு. அதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று கணவர்கள் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டும்.)

அந்த அமைதிதான் நோய். தூக்கத்தில் மூச்சு வழி அடைபடுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால், டாக்டர்கள் அதை ஒரு தடவை என்று எண்ணுகிறார்கள். மூச்சு மிகவும் குறைந்து போவதையும் சேர்த்து எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்து தடவைக்குள் இருந்தால் பயம் இல்லை. 15-க்கு மேல் போனால் நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை.

மணிக்கு 30 தடவை என்றால், எட்டு மணி நேரத்துக்கு 240 தடவை. ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறுகிறது. ஆளைப் பாதி எழுப்பி, மூச்சை இழுக்க வைக்கிறது. இருதயம் படபடக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் உடம்பு தாங்குமா? இரத்தக் கொதிப்பு, இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுடன் இந்த நோய்க்குத் தொடர்பு உண்டு. இரவில் தூங்காத மூளை பகலில் தூங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தால்?

எலும்பு இல்லாத இடம்

மூச்சு ஏன் அடைபடுகிறது?

மூக்கைச் சுற்றி எலும்பு இருக்கிறது. கழுத்தின் கீழே மூச்சுக்குழலைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், நாக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. அது சதையால் ஆன குழாய்.

இளநீரை மெல்லிய காகிதக் குழாயால் குடித்துப் பாருங்கள். பலமாக உறிஞ்சினால் குழாய் ஒட்டிக்கொள்ளும். தொண்டையும் அப்படித்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கின்றன. தூங்கும்போது தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. வழி குறுகினால், காற்று உரசிச் சதை அதிர்கிறது. அதுதான் குறட்டை. வழி மூடினால் மூச்சு நிற்கிறது. கழுத்தில் கொழுப்பு கூடினாலும், மது குடித்தாலும், தூக்க மாத்திரை போட்டாலும் ஆபத்து அதிகம்.

கை தளர்ந்தால் தேகப்பயிற்சி செய்கிறோம். கால் தளர்ந்தால் நடக்கிறோம். நாக்கும் தொண்டையும் தசைதானே? அவற்றுக்கும் பயிற்சி கொடுத்தால் என்ன?

நாக்குக்குத் தேகப்பயிற்சி!

முகத்துத் தசைக்குப் பயிற்சி கொடுக்கும் யோசனை புதிது அல்ல. ஆல்பிரட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் 1918-லேயே அதைப் பற்றி எழுதினார். பல் வரிசை சீராக வேண்டுமானால், கம்பி கட்டினால் மட்டும் போதாது. உதடும் கன்னமும் நாக்கும் சரியாக வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. குறட்டைக்கு அந்த வைத்தியம் வந்து சேர வெகு காலம் ஆயிற்று.

பிரேசில் நாட்டில் சாவோ பாலோ என்று ஒரு பெரிய நகரம். அங்கே காட்டியா கிமாராயிஸ் என்ற பேச்சுப் பயிற்சி நிபுணரும், சில டாக்டர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2009-ல் வெளிவந்தது.

நடுத்தர அளவில் இந்த நோய் உள்ள 31 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 16 பேருக்கு நாக்கு, தொண்டைப் பயிற்சி. மற்ற 15 பேருக்கு வெறும் மூச்சுப் பயிற்சியும், மூக்கை உப்பு நீரால் கழுவுவதும் மட்டும். மூன்று மாதம் நடந்தது.

என்ன ஆயிற்று? நாக்குப் பயிற்சி செய்தவர்களுக்கு மூச்சுத் தடை, சராசரியாக மணிக்கு 22 தடவையில் இருந்து 14 தடவையாகக் குறைந்தது. குறட்டை குறைந்தது. பகல் தூக்கமும் குறைந்தது. உடல் எடையில் மாற்றம் இல்லை. ஆனால் கழுத்துச் சுற்றளவு சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது! மற்ற 15 பேருக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

அது என்ன பயிற்சி? வேடிக்கையாக இருக்கும்.

நாக்கு நுனியை மேல்வாயில், முன்பல்லுக்குப் பின்னால் வைத்து, அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நாக்கு முழுவதையும் மேல்வாயில் ஒட்ட வைத்து உறிஞ்ச வேண்டும். நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி, நாக்கின் பின்பகுதியைக் கீழே அழுத்த வேண்டும். வாயைத் திறந்து "ஆ, ஆ" என்று விட்டு விட்டுச் சொல்லி உள்நாக்கை உயர்த்த வேண்டும். வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தை வெளியே தள்ள, கன்னம் அதை எதிர்த்து உள்ளே தள்ள வேண்டும். சாப்பிடும்போது இரண்டு பக்கக் கடைவாயாலும் மாற்றி மாற்றி மெல்ல வேண்டும்.

"ழகரத்தைச் சரியாகச் சொன்னால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. ழகரம் நாக்கு நுனிக்கு வேலை. இங்கே வேலை நாக்கின் அடிக்கு!

இந்தப் பயிற்சியைச் சுருக்கி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டு நிமிடம் என்று வைத்து, 39 பேரிடம் சாவோ பாலோவிலேயே மறுபடியும் சோதித்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. குறட்டையின் எண்ணிக்கை 36 சதவீதம் குறைந்தது. பக்கத்தில் படுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு என்ன வேண்டும்?

குழல் ஊதிய நோயாளிகள்

இன்னொரு சோதனை சுவிட்சர்லாந்து நாட்டில் நடந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் ஊதும் நீண்ட மரக்குழல் ஒன்று உண்டு. அதற்கு டிஜெரிடூ என்று பெயர். கரையான் அரித்துத் துளையாக்கிய மரக்கிளையில் செய்வார்கள். ஊதும்போது நடுவில் சத்தம் நிற்கக் கூடாது. கன்னத்தில் உள்ள காற்றை வெளியே தள்ளிக்கொண்டே, மூக்கால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். தொண்டைக்கு நல்ல வேலை.

அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒருவர், தமக்கும் சில மாணவர்களுக்கும் குறட்டை குறைந்திருப்பதைக் கவனித்தார். டாக்டர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்துத் தள்ளிவிடவில்லை. 25 நோயாளிகளைச் சேர்த்தார்கள். 14 பேர் நான்கு மாதம் குழல் ஊதினார்கள். 11 பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத் தடையும் குறைந்தன. அவர்களுடைய மனைவிமார் நிம்மதியாகத் தூங்கினார்கள். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு "இக் நோபல்" என்று ஒரு பரிசு கொடுக்கிறார்கள். 2017-ல் இந்த ஆராய்ச்சிக்கு அதில் "சமாதானப் பரிசு" கிடைத்தது. வீட்டுக்குள் சமாதானம் வந்ததல்லவா!

நாகசுரக்காரருக்கு இந்த நோய் வராதா என்று கேட்கத் தோன்றும். மேல்நாட்டில் இரட்டைச் சீவாளி வைத்த குழல் வாசிப்பவர்களை விசாரித்தபோது, அவர்களுக்கு ஆபத்து குறைவாகவே தெரிந்தது. நாகசுரமும் சீவாளி வைத்ததுதான். ஆனால் அந்த விசாரணை கேள்வித்தாளை வைத்து நடந்தது. அதை நம்பிச் சீவாளி வாங்கப் போக வேண்டாம்.

இயந்திரத்தைத் தூக்கி எறியாதீர்கள்

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்.

22 என்பது 14 ஆனது நல்லதுதான். ஆனால் 14 என்பது நோய் நீங்கிய எண் அல்ல. சோதனைக்கு வந்தவர்களும் கொஞ்சம் பேர். காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ அமைப்பு, இப்படிப்பட்ட சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2020-ல் கருத்துச் சொன்னது. பலன் இருக்கலாம், சான்று இன்னும் பலமாக இல்லை என்பதே அதன் சாரம்.

கடுமையான நோய்க்கு வேறு வைத்தியம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் அதை உலகுக்குச் சொன்னார். மூக்கில் ஒரு முகமூடி. அதன் வழியாக இயந்திரம் காற்றை மெல்லத் தள்ளும். அந்தக் காற்றே தொண்டையை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். "சி-பாப்" என்று பெயர். அதைப் போட்டுக்கொண்டு தூங்குவது சிலருக்குச் சங்கடம். பணமும் செலவாகும். "நாக்குப் பயிற்சி இருக்கிறதே, இது எதற்கு?" என்று அதைப் பரண்மேல் போட்டுவிட்டால், அன்று இரவே மூச்சு பழையபடி நிற்கும். பயிற்சி அதற்குத் துணையாக இருக்கட்டும். நிறுத்தலாமா என்பதை டாக்டர் சோதித்துச் சொல்லட்டும்.

இப்போது இன்னொரு விபரீதம் பரவுகிறது. வாயால் மூச்சு விடக் கூடாது என்று, வாய்க்கு ஒட்டும் பட்டை போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்! மூக்கால் மூச்சு விடுவது நல்லது என்பது பழைய பேச்சு. ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியர், அங்குள்ள பழங்குடி மக்களிடையே சுற்றியவர். தூங்கும் குழந்தையின் உதடுகளைத் தாய்மார் சேர்த்து மூடிவிடுவதைப் பார்த்து, 1860-களில் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் அந்தத் தாயின் விரல் வேறு. பிசின் பட்டை வேறு. மூக்கு அடைத்திருந்தால், பட்டை போட்டவர் எதனால் மூச்சு விடுவார்?

குழந்தையின் குறட்டை

பெரியவர் குறட்டை விட்டால் சிரிக்கிறோம். குழந்தை குறட்டை விட்டால் கொஞ்சுகிறோம். "தாத்தாவைப் போலவே!" என்கிறோம்.

சளி பிடித்தபோது இரண்டு நாள் குறட்டை வந்தால் பரவாயில்லை. தினமும் வந்தால்? வாயைத் திறந்துகொண்டே தூங்கினால்? படுக்கையில் புரண்டு, வியர்த்து, காலையில் சிடுசிடுவென்று எழுந்தால்? தொண்டையில் டான்சிலும், மூக்குக்குப் பின்னால் உள்ள சதையும் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாடத்தைக் கவனிக்காது. ஓர் இடத்தில் உட்காராது. "மக்கு" என்று வாத்தியாரும், "சோம்பேறி" என்று அப்பாவும் திட்டுவார்கள். அடி வாங்க வேண்டியது பிள்ளை அல்ல. சிகிச்சை பெற வேண்டியது தொண்டை. முதலில் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பு நீங்கிய பிறகு, வாயை மூடி மூக்கால் மூச்சு விடப் பயிற்சி கொடுக்கலாம்.

பயிற்சியை யாரிடம் கற்பது? பேச்சுப் பயிற்சி நிபுணரிடம். திக்குவாய்க்கும், பேச்சு வராத குழந்தைக்கும் மட்டுமே அவர் என்று நாம் நினைக்கிறோம். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கக் கற்றுக்கொடுப்பவரும் அவர்தான். குறட்டைக்கும் அவரை அழைக்கும் வழக்கம் நம் ஆஸ்பத்திரிகளில் வர வேண்டும். மருந்துச் செலவு இல்லாத வைத்தியம். ஆனால் மூன்று மாதமாவது தினமும் செய்ய வேண்டும். அதுதான் கஷ்டம்.

இன்று இரவு உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால், எழுப்ப வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் நின்றதும் எண்ணுங்கள். பத்தைத் தாண்டுகிறதா? எத்தனை தடவை தாண்டுகிறது? ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வையுங்கள். செல்போன் இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "நான் குறட்டையே விடுவதில்லை" என்று அவர் டாக்டரிடம் சாதிக்கும்போது, அதை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.