முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவோம்! டன் கணக்குக்கு உயிரைக் கொடுக்க மாட்டோம்!

அன்பார்ந்த கரும்பு விவசாயிகளே! டிராக்டர் உரிமையாளர்களே! டிரைவர் தம்பிகளே! வெட்டுத் தொழிலாளத் தோழர்களே!

கரும்பு விலைக்கும் பாக்கிக்கும் எத்தனையோ நோட்டீஸ் போட்டிருக்கிறோம். இந்த முறை டிரெய்லரைப் பற்றி எழுதுகிறோம். "இதுல எழுத என்னய்யா இருக்கு?" என்று மடித்து வைத்துவிடாதீர்கள். இதுவும் நம் வயிற்றுப் பிரச்சினைதான். அதைவிட மேலே, உயிர்ப் பிரச்சினை.

போன அரவைப் பருவத்தில், நம் பக்கத்து ஊர் ஏரிக்கரை இறக்கத்தில் ஒரு கரும்பு வண்டி கவிழ்ந்தது. இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. டிரைவர் தம்பி பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். பின்னால் இருந்த பாரம் டிராக்டரைத் தள்ளி மடக்கிப் போட்டது. தம்பிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் கட்டிலில்தான் இருக்கிறார். மறுநாள் டீக்கடையில் என்ன பேசினார்கள்? "குடிச்சிருப்பான்" என்றார்கள். அவர் குடிக்கவில்லை. ஆலை யார்டில் இரண்டு ராத்திரி டோக்கனுக்குக் காத்துக் கிடந்துவிட்டு, விடியற்காலை திரும்பி வந்து, தூங்காமல் அடுத்த லோடு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்.

வண்டி ஏன் வாலாட்டுகிறது? இது விதி இல்லை. நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த கணக்குதான். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். வண்டிக்காரர் உடனே இறங்கி இரண்டு மூட்டையை நகர்த்தி வைப்பார். மாடு நின்ற இடத்திலேயே சொல்லிவிடும். டிராக்டர் அப்படிச் சொல்லாது. வேகம் பிடித்த பிறகுதான் சொல்லும். அப்போது இறங்கி நகர்த்த முடியாது.

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும், டிரெய்லர் அலையும். முன்னால் அளவுக்கு மீறி ஏற்றினால், டிராக்டரின் மூக்கு தூக்கும், ஸ்டீயரிங் பிடிக்காது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாலு சக்கர டிரெய்லரில் கொக்கி பாரம் தாங்காது. அதில் இரண்டு அச்சிலும் பாரம் சமமாகப் பரவ வேண்டும். கரும்பு பின்னால் தொங்கினாலும், கொக்கிப் பின் தேய்ந்து ஓட்டை பெரிதானாலும், ஒரு டயரில் காற்று குறைந்தாலும், வால் ஆடத்தான் செய்யும். பாரம் உயர உயர, கவிழ்வதும் சுலபம்.

அதனால் நம் கையில் இருப்பதை நாம் முதலில் செய்வோம்:

• ரோட்டில் ஏறுவதற்கு முன் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து லாக் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும்.
• இறக்கம் வருவதற்கு முன்பே சின்ன கியருக்கு வாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள்.
• வால் ஆட ஆரம்பித்தால் சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகத்தைக் குறையுங்கள்.
• பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் ராத்திரியில் வண்டி எடுக்காதீர்கள்.
• லோடு மேல் ஆள் ஏற்றாதீர்கள். 2007ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், டிராக்டர் டிரெய்லரில் போய் அடிபட்ட தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று ஆனது. கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டிச் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று உத்தரவானது. அந்த நிலை வந்தால் நம் நிலம் தாங்குமா?

இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. ஆனால் இதோடு பேச்சை முடித்துக்கொண்டால், டீக்கடையில் பேசியவர்களுக்கும் நமக்கும் வித்தியாசமில்லை. ஒரு கேள்வி கேட்போம். அளவுக்கு மேல் ஏற்ற வேண்டும் என்று டிரைவருக்கு ஆசையா?

வண்டி வாடகை டன் கணக்கில். யார்டில் நிற்கிற நேரத்துக்குக் காசு கிடையாது. மூன்று நடை அடிக்க வேண்டிய நேரத்தில் ஒரு நடைதான் அடிக்க முடிகிறது. டியூ கட்ட வேண்டும், டீசல் போட வேண்டும். அப்புறம் அந்த ஒரு நடையில்தானே மூன்று நடைக்கான பாரத்தை ஏற்றப் பார்ப்பார்கள்? வெட்டின கரும்போ வெயிலில் காயக் காய எடை குறைகிறது. நாமும் "இன்னும் ரெண்டு கட்டு போடு தம்பி" என்று சொல்லத்தான் செய்கிறோம். மறைக்க வேண்டாம், அதில் நம் பங்கும் இருக்கிறது.

பிடிபட்டால் யார் கட்டுவது? 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 194வது பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது. ரோட்டில் நிற்பது நாம், கையெழுத்துப் போடுவதும் நாம்.

ஆனால் எந்த வண்டியில் எவ்வளவு பாரம் என்பது கிலோ சுத்தமாக யாருக்குத் தெரியும்? ஆலை எடைமேடைக்குத் தெரியும்! ஒவ்வொரு லோடும் அங்கே பதிவாகிறது. கரும்பில் தோகை இருந்தால் கண்டுபிடித்துக் கழிக்கத் தெரிகிறது. வண்டியில் இருக்கிற அதிக பாரம் மட்டும் கண்ணில் படவில்லையா? லாபம் வரும்போது அது ஆலைக் கரும்பு, கவிழும்போது மட்டும் விவசாயி வண்டியா? இந்த நியாயத்தை நாம் ஏற்க மாட்டோம்.

நமது கோரிக்கைகள்:

1. வாடகையை டன்னுக்கு மட்டும் பார்க்காதே! தூரத்தையும் நடையையும் கணக்கிட்டு, சட்டப்படியான பாரம் ஏற்றினாலே கட்டுபடியாகும்படி உயர்த்து!
2. யார்டில் குறித்த நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டிக்குக் காத்திருப்புப் படி கொடு! டிரைவர்கள் படுக்க இடமும், குடிக்கத் தண்ணீரும், கழிப்பறையும் கட்டிக் கொடு!
3. வெட்டு ஆர்டரை யார்டு கொள்ளளவு பார்த்துக் கொடு!
4. ஒவ்வொரு டிரெய்லருக்கும் அனுமதித்த பாரத்தை எடைச் சீட்டில் அச்சிடு! வாடகை உயர்ந்த நாளிலிருந்து அதிக பாரத்தை எடைமேடையில் ஏற்காதே!
5. டிரைவருக்கும் வெட்டுத் தொழிலாளருக்கும் ஆலைச் செலவில் விபத்துக் காப்பீடு செய்!
6. தமிழக அரசே! ஏரிக்கரை, வாய்க்கால்கரை சாலைகளையும் குறுகிய பாலங்களையும் அரவைக்கு முன்பே சீர் செய்!

பெரியோர்களே! நாளைக் காலை லோடு ஏற்றும்போது ஒரு நிமிஷம் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். பின்பாரமாக இருந்தால் இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். இந்தக் கோரிக்கைகளை எடுத்துக்கொண்டு ஆலை வாசலில் கூடும் நாளில், வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு வாருங்கள். கட்டிலில் கிடக்கிற அந்தத் தம்பிக்கு நாம் செய்கிற மரியாதை அதுதான்.

பாரத்தைக் குறைப்போம்! வாடகையை உயர்த்துவோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!