மெழுகா, ஒளியா? தோலைக் கேட்டு முடிவெடுப்போம்



பெற்றோர் சந்திப்பில் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு தாய்மார்கள் கேட்கும் கேள்விகள் சில உண்டு. அண்மைக் காலமாக அவற்றுள் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. "டீச்சர், பிள்ளைக்குக் கை கால்ல முடி ரொம்ப இருக்கு. பார்லர்ல வேக்சிங் செஞ்சிடலாமா? இல்ல, ஆன்லைன்ல விக்கிறாங்களே, அந்த லைட் மெஷின் வாங்கிடலாமா?"

இக்கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. முழங்கால் வரை மட்டுமே மறைக்கும் பினஃபோர் சீருடையில் நிற்கும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவிகளை 'மீசைக்காரி' என்றும் 'குரங்கு' என்றும் உடன்பயில்வோர் அழைப்பதை ஆசிரியர்கள் அறிவோம். உடற்கல்வி வகுப்பைத் தவிர்க்க வயிற்றுவலி என்று பொய் சொல்லும் பிள்ளையின் உண்மையான வலி இதுவாகவும் இருக்கலாம். எனவே, தாய்மார்களின் கவலை நியாயமானதே. ஆனால், அவர்கள் விலையையும் வசதியையும் மட்டுமே ஒப்பிட்டு முடிவெடுப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. இவ்விரண்டுள் எது ஏற்றது என்பதை முடிவு செய்ய வேண்டியவை தோலின் நிறமும் வயதுமே. இதுவே என் கருத்து.

ஒளிக்கருவி செய்வது என்ன?

வீட்டில் பயன்படுத்தும் கருவிகளுள் பெரும்பாலானவை 'ஐ.பி.எல்.' வகையைச் சேர்ந்தவை. (மட்டைப்பந்துப் போட்டியன்று!) இவை பல அலைநீளங்கள் கலந்த வலிமையான ஒளியை மின்னலைப் போல் பாய்ச்சுகின்றன. முடியிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி அவ்வொளியை உறிஞ்சிச் சூடாகிறது. அச்சூடு மயிர்க்காலைத் தாக்கி வளர்ச்சியைக் குறைக்கிறது.

இங்குதான் சிக்கல். அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறது. கறுப்பு முடியும் வெளிர் தோலும் உடையவர்க்கு ஒளி முடியை மட்டும் தேடிச் செல்லும். கருந்தோலிலோ, ஒளியின் கணிசமான பகுதியைத் தோலே உறிஞ்சிக்கொள்ளும். விளைவு: தீப்புண், கொப்புளம், மாதக் கணக்கில் மறையாத கரும்புள்ளிகள், சிலருக்கு வெண்திட்டுகள்.

தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோலை 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்தார். அதில் முதலில் நான்கு வகைகளே இருந்தன. பழுப்பையும் கருமையையும் குறிக்கும் ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. மலேசியத் தமிழர்களில் மிகப் பலர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளுக்குள் அடங்குவோம். ஆறாம் வகைத் தோலுக்குத் தங்கள் கருவி ஏற்றதன்று என்று பெரும்பாலான தயாரிப்பாளர்களே கையேட்டில் அச்சிடுகின்றனர். விளம்பரப் படத்தில் புன்னகைக்கும் பெண்ணின் நிறத்தையும் உங்கள் மகளின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையேட்டைத் திறக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நம் நாட்டு வெயிலையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் கறுத்த தோலில் இக்கருவியைப் பயன்படுத்தினால் தீப்புண் அபாயம் கூடும். திடலில் ஓடியாடும் பிள்ளைக்கு 'வெயில் படாமல் இரு' என்று ஆண்டு முழுவதும் சொல்ல இயலுமா?

பலன் குறித்தும் தெளிவு வேண்டும். வளரும் பருவத்திலுள்ள முடியை மட்டுமே ஒளி பாதிக்கும். அதனால்தான் தொடக்கத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல தடவை செய்யச் சொல்கின்றனர். நிறுத்திவிட்டால் முடி மீண்டும் வளரும். இது முடிக்குறைப்பேயன்றி நிரந்தர நீக்கமன்று. முகத்திலும் கழுத்திலும் பயன்படுத்திய சிலருக்கு, சிறப்பாகக் கருந்தோலும் இயக்குநீர்க் குறைபாடும் உடைய பெண்களுக்கு, முடி முன்னைவிட அதிகமாக வளர்ந்திருப்பதை மருத்துவ உலகம் பதிவு செய்துள்ளது.

மெழுகு முறை மட்டும் தீங்கற்றதா?

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அழகு நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. மெழுகு முறைக்குத் தோலின் நிறம் ஒரு தடையன்று. அதுவே அதன் பெரிய சிறப்பு. வேரோடு பிடுங்குவதால் மூன்று முதல் ஆறு வாரம் வரை முடி தலைகாட்டாது. ஆயினும், சூடு மிகுந்தால் தோல் வெந்துவிடும். முடி உள்நோக்கி வளர்ந்து பருக்களாகலாம்; அவை ஆறிய இடத்தில் நம் தோலில் கருமை தங்கிவிடுகிறது.

நிலையத்தில் இரண்டைக் கவனியுங்கள். ஒருவர் மேல் தடவிய குச்சியை மீண்டும் மெழுகுச் சட்டியில் தோய்க்கிறார்களா? அப்படியென்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிருமி பரவ அதுவே வழி. மெழுகின் சூட்டை முதலில் தம் கையில் சோதித்துப் பார்க்கிறார்களா? பார்க்காத இடமும் வேண்டாம்.

மற்றொன்று, முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த பொருள்களைப் பற்றித் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பல முறை எச்சரித்திருக்கிறது. டிரெட்டினோயின் தடவிய தோல் மெல்லியதாகிவிடும். மெழுகை இழுக்கும்போது தோலும் சேர்ந்து உரிந்து வரும். பருவுக்காக ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை உட்கொள்வோரும், அதை நிறுத்திய பின் ஆறு மாதம் வரையிலும், மெழுகைத் தவிர்ப்பது நல்லது.

என் முடிவு

வளர்ந்த பெண்கள் மாநிறத்தவராயின் கையேட்டைப் படித்து, சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து, அதன்பின் ஒளிக்கருவியைப் பயன்படுத்தலாம். அதற்கு முன் முடியை மழிக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. வேரில் முடி இருந்தால்தான் ஒளிக்கு வேலை. ஒரு மாதம் மெழுகும் மறுமாதம் ஒளியும் என்று மாற்றி மாற்றிச் செய்வோர் பணத்தை வீணடிக்கின்றனர்.

கருநிறத்தவர் வீட்டுக் கருவியைத் தொடவே வேண்டாம், மெழுகே மேல். நீண்டகாலப் பலன் வேண்டுமாயின், கருந்தோலுக்குப் பாதுகாப்பான 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் இருக்கிறது. அதனைத் தோல் மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டும்; பேரங்காடிச் சலுகைச் சீட்டை நம்பியன்று.

தமிழ்ப்பள்ளி மாணவிகளுக்கு ஒளிக்கருவி கூடவே கூடாது. பல கருவிகளின் கையேடே 18 வயதுக்குட்பட்டோர்க்கு ஏற்றதன்று என்கிறது. பத்து, பன்னிரண்டு வயதுத் தோலுக்கு மெழுகையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளையே விரும்பிக் கேட்டால், தாயின் மேற்பார்வையில் சவுக்காரம் தடவிப் புதிய கத்தியால் மழிப்பது போதும். மழித்தால் முடி தடித்து வளரும் என்பது தவறான நம்பிக்கை. வெட்டுப்பட்ட முனை மழுங்கி இருப்பதால் தடித்தது போல் தோன்றுகிறது, அவ்வளவே.

ஆனால், பிள்ளை கேட்காதபோது நாமாகத் தொடங்கக் கூடாது. 'இப்படியே வளர்ந்தால் யார் கட்டிக்குவாங்க?' என்று பத்து வயதுக் குழந்தையின் காதுபடப் பேசும் உறவினர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். தன் உடலில் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அக்குழந்தை கற்கும் முதல் பாடம் அதுதான்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் அழகு நிலையத்தை விட்டு மருத்துவரை நாட வேண்டும். எட்டு வயதுக்கு முன்பே அக்குளிலோ மறைவிடத்திலோ முடி முளைத்தாலும், பூப்பெய்திய பின் தாடை, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்ந்து மாதவிலக்கும் ஒழுங்கற்றிருந்தாலும், அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். சினைப்பை நீர்க்கட்டி போன்ற காரணம் இருக்கலாம். முடியை நீக்கினாலும் அக்காரணம் உள்ளேயே இருக்கும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் அத்தகைய கேலி எழும்போது கேட்காதது போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடாதீர்கள். உடல்நலக் கல்வியில் பருவமாற்றம் பற்றிப் பேசும் பாடவேளையில், முடி வளர்வது இயல்பு என்பதை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லுங்கள். கேலி நின்றுவிட்டால், பன்னிரண்டு வயதில் மெழுகா ஒளியா என்னும் கேள்வி பல வீடுகளில் எழாமலே போகும். எந்தப் பெண்ணும் பதினெட்டு வயதைக் கடந்து, தன் தோலைத் தானே அறிந்து, தன் விருப்பப்படி முடிவெடுக்கட்டும். அதுவரை அவளுக்குக் காவலாக இருப்பது நம் கடமை.